நாவைக் காத்த ஊசிகள்: வாய்ப்புற்றுநோய்க்கான உள்கதிர் சிகிச்சையின் வரலாறு

கதிரியக்கப் பொருளைப் புற்றுக்கட்டிக்குள்ளேயோ அதை ஒட்டியோ வைத்து, அங்கிருந்தே கதிர்வீச்சைப் பரவச் செய்யும் மருத்துவ முறைக்கு உள்கதிர் சிகிச்சை என்று பெயர். மருத்துவமனைகளில் இது பிராக்கிதெரபி என்றே வழங்குகிறது. உடலுக்கு வெளியே நிற்கும் பொறியிலிருந்து கதிரை உள்நோக்கிச் செலுத்தும் வெளிக்கதிர் சிகிச்சையிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடியத்தோடு பிறந்த இம்முறை, நாக்கு, உதடு, கன்னம், வாய்த்தரை ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுக்கு அந்நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்றாக விளங்கியது. இதன் வரலாறு பெரும்பாலும் ஓர் அரிய தனிமத்தின் வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. ஆனால் நோயாளியைக் காத்தது அந்தப் பொருள் மட்டுமன்று. அதை எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கு மருத்துவர்களும் இயற்பியலாளர்களும் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்ட விடைகளே காத்தன. ரேடியம் மருத்துவமனைகளை விட்டு நீங்கிய பிறகும் இச்சிகிச்சை நிலைத்திருப்பதற்கு அந்த விடைகளே காரணம்.

வாயில் வரும் புற்றுக்கு இம்முறை சிறப்பாகப் பொருந்தியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வாய் கண்ணுக்குத் தெரிவதும் விரலுக்கு எட்டுவதுமான இடம் என்பதால், கட்டியின் எல்லையைத் தடவிப் பார்த்தே மருத்துவர் அறிய முடியும். இரண்டாவது, அங்குள்ள உறுப்புகள் பேச்சுக்கும் உணவுக்கும் முகத்தோற்றத்துக்கும் இன்றியமையாதவை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மான்செஸ்டரில் பணியாற்றிய வால்டர் வைட்ஹெட் போன்ற அறுவை மருத்துவர்கள் நாக்கை வெட்டி அகற்றும் முறைகளை வகுத்திருந்தனர். உயிர் பிழைத்தவர்களும் பேச்சுத் தெளிவையும் விழுங்கும் திறனையும் பெருமளவு இழந்தே வாழ வேண்டியிருந்தது. நாக்கை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுப் புற்றை மட்டும் அழிக்கும் வழி ஒன்று கிடைக்காதா என்ற ஏக்கம் அக்கால மருத்துவத்தில் ஆழமாக இருந்தது.

அதற்கு இயற்பியல் ஒரு வழியைத் திறந்தது. விளக்கை நெருங்க நெருங்க வெளிச்சம் விரைந்து கூடுவதும் விலக விலக விரைந்து குறைவதும் போல, சிறிய கதிரூற்று ஒன்றிலிருந்து வரும் கதிரின் செறிவும் தொலைவு இருமடங்கானால் நான்கில் ஒரு பங்காகவும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். இதைத் தலைகீழ் இருபடி விதி என்பர். கதிரூற்றைக் கட்டியின் நடுவிலேயே வைத்தால், புற்றணுக்களுக்குப் பெரும் அளவு கிடைக்கும்போதே, ஓரிரு சென்டிமீட்டர் தள்ளியுள்ள எலும்பும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சிறிய அளவையே பெறும்.

ரேடியம் மருத்துவத்துக்குள் வந்த விதம்

மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898 டிசம்பரில் பாரிஸில் ரேடியத்தைக் கண்டறிந்து அறிவித்தனர். அதன் உடல்விளைவு தற்செயலாகவே முதலில் வெளிப்பட்டது: ரேடியம் அடங்கிய குழாயைச் சட்டைப்பையில் வைத்திருந்த ஆன்றி பெக்கரல், 1901-இல் தம் தோலில் புண் தோன்றியதைக் கண்டார், பியர் கியூரி அதைத் தம் கையிலேயே சோதித்து உறுதிசெய்தார். அதே ஆண்டில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ஆன்றி டான்லோ தோல் காசநோய்ப் புண்களுக்கு ரேடியத்தைப் பயன்படுத்தினார். 1903-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கோல்ட்பெர்க், லண்டன் என்ற இரு மருத்துவர்கள் முகத்தில் தோன்றிய தோல் புற்றுகளுக்கு அதை இட்டுக் குணம் கண்டதாகப் பதிவுசெய்தனர். தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், அதே 1903-இல் எழுதிய ஒரு கடிதத்தில், ரேடியத் துணுக்கை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துப் புற்றின் நடுவிலேயே செருகலாம் என்று யோசனை கூறினார். தோலின்மேல் வைப்பதிலிருந்து தசைக்குள் செருகுவதற்கான எண்ணம் இவ்வாறு தனிமம் கண்டறியப்பட்ட ஐந்தாண்டுகளுக்குள்ளேயே எழுந்துவிட்டது.

எண்ணம் செயலாவதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ரேடியமும் அதன் சிதைவில் பிறக்கும் தனிமங்களும் மூன்று வகைக் கதிர்களை உமிழ்கின்றன. ஆல்ஃபாக் கதிர் மெல்லிய தாளைக்கூடத் தாண்டாது. பீட்டாக் கதிர் சில மில்லிமீட்டர் தசையில் நின்றுவிடும். காமாக் கதிர் மட்டுமே ஆழமாக ஊடுருவும். மூன்றையும் தடையின்றி விட்டால் ஊசியைச் சுற்றியுள்ள சிறு பகுதி கருகி, கட்டியின் ஓரம் தப்பிவிடும். கன உலோக உறையால் முதல் இரண்டையும் தடுத்து, காமாக் கதிரை மட்டும் வெளிவிட வேண்டும் என்பதைப் பாரிஸ் மருத்துவர் ஆன்றி டொமினிசி முதல் உலகப்போருக்கு முந்திய ஆண்டுகளில் வலியுறுத்தினார். அரை மில்லிமீட்டர் கனமுள்ள பிளாட்டின உறை பின்னாளில் பொது வழக்கானது.

மற்றொரு தடை விலை. டன் கணக்கான தாதுவைப் பிரித்தெடுத்தாலும் மிஞ்சும் ரேடியம் மில்லிகிராம் கணக்கிலேயே இருந்தது. 1921-இல் மேரி கியூரிக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்கித் தருவதற்காக அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது. வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் அதை அவருக்கு வழங்கினார். பெல்ஜியக் காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்துத் தாது 1920-களில் சந்தைக்கு வந்த பிறகே விலை குறைந்தது. பிரிட்டனில் 1929-இல் அமைக்கப்பட்ட ரேடியம் ஆணையம், நாட்டிலுள்ள ரேடியத்தைத் தேர்ந்த மையங்களுக்கு மட்டும் பகிர்ந்தளித்தது. பொருள் அரிதாக இருந்ததால் அதைக் கையாளும் கலையும் சில நகரங்களிலேயே குவிந்தது. இந்தக் குவிப்பு பின்னர் உலகெங்கும் நோயாளிகளின் விதியைத் தீர்மானித்தது.

காலம் என்னும் மருந்து

ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 3.8 நாள் மட்டுமே. விலைமதிப்பற்ற ரேடியத்தைக் கரைசலாகப் பெட்டகத்திலேயே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் வாயுவை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால் மூலப்பொருள் தொலைந்துபோகும் அச்சமில்லை. டப்ளினில் ஜான் ஜோலியும் வால்டர் ஸ்டீவன்சனும் 1914-இல், ரேடானை மெல்லிய கண்ணாடிக் குழல்களில் அடைத்து ஊசிகளின் வழியே கட்டிக்குள் செலுத்தும் முறையை வெளியிட்டனர். நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஹென்றி ஜேன்வேயும் அவருடன் பணியாற்றியோரும் ரேடான் அடைத்த நுண்ணிய கண்ணாடித் துணுக்குகளை நாக்கிலும் வாய்த்தரையிலும் நிரந்தரமாகப் புதைத்தனர். கண்ணாடி பீட்டாக் கதிரைத் தடுக்காததால் துணுக்கைச் சுற்றித் தசை அழுகி, நோயாளிகள் கடும் வலியுற்றனர். அதே மருத்துவமனையின் இயற்பியலாளர் ஜோக்கினோ ஃபெய்லா 1920-களில் கண்ணாடிக்குப் பதிலாகத் தங்கக் குழலைப் பயன்படுத்தியபோது அந்தத் துன்பம் பெரிதும் தணிந்தது.

பாரிஸின் ரேடியம் நிறுவனத்தில் உயிரியல் பிரிவை நடத்திய குளோடியஸ் ரெகோ வேறொரு கோணத்திலிருந்து சிந்தித்தார். செம்மறிக்கடாக்களின் விரைகளை ஒரே தடவையில் கதிரிட்டு மலடாக்க முயன்றால் மேல்தோல் வெந்துபோகிறது. அதே நோக்கத்துக்காகக் கதிரைப் பல நாள்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால் தோல் தப்புகிறது, விரைக்குள் பெருகும் அணுக்கள் மட்டும் அழிகின்றன என்று அவருடைய சோதனைகள் காட்டின. ஓயாமல் பெருகும் அந்த அணுக்களைப் புற்றுக்கும், தோலைப் புற்றைச் சூழ்ந்த நல்ல திசுவுக்கும் ஒப்பாகக் கொண்ட ரெகோ, சிகிச்சையின் பலன் மொத்த அளவில் மட்டுமன்றி, அது பரவும் காலத்திலும் அடங்கியுள்ளது என்ற முடிவுக்கு வந்தார். வீரியம் மிக்க ஊசிகளைச் சில மணி நேரம் வைப்பதற்குப் பதிலாக, வீரியம் குறைந்த ஊசிகளைப் பல நாள் வைக்கும் வழக்கம் இவ்வாறு நாக்குப் புற்றின் சிகிச்சையில் வேரூன்றியது. நல்ல அணுக்கள் சேதத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கிறது என்பதும், சிகிச்சை ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதால் புற்றணுக்கள் மீண்டும் பெருக நேரம் கிடைப்பதில்லை என்பதும் பின்வந்த கதிருயிரியல் தந்த விளக்கங்கள்.

அதே காலத்தில் கதிரின் கொடுமையும் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. கதிர்பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குன்றுகிறது. பிறகு ஒரு பல்லைப் பிடுங்கினாலும் அந்தப் புண் ஆறாமல் எலும்பு செத்து உதிர்கிறது. ரெகோவும் நியூயார்க்கின் ஜேம்ஸ் யூயிங்கும் 1920-களில் இதை விவரித்தனர். கெட்ட பற்களைச் சிகிச்சைக்கு முன்பே அகற்றிவிடுவது, ஊசிகளுக்கும் தாடைக்கும் இடையே இடைவெளி காப்பது ஆகியவை அதன்பின் நெறிகளாயின. மேல்தாடையிலும் அண்ணத்திலும் 1923-இல் புற்று கண்டறியப்பட்ட சிக்மண்ட் பிராய்ட், 1939-இல் இறக்கும்வரை பல அறுவைச் சிகிச்சைகளோடு ரேடியத்தையும் எக்ஸ் கதிரையும் ஏற்று வாழ்ந்தார். அவருடைய நீண்ட வேதனை, உலகின் தேர்ந்த மருத்துவர்களை அணுக முடிந்தவருக்கும் அன்று கிடைத்தது எவ்வளவு அரைகுறையான விடுதலை என்பதைக் காட்டுகிறது.

ஊசி நட்ட நாளும் அதற்குப் பிறகும்

1930-களிலிருந்து 1960-கள் வரை நாக்குப் புற்றுக்கு ரேடிய ஊசி வைக்கும் முறையை அருகிலிருந்து நோக்கினால், அது அறுவைக் கலையும் தையற் கலையும் கணக்கும் சேர்ந்த ஒரு பணி என்பது விளங்கும். ஊசி என்பது சில சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாட்டினக் குழல். அதன் ஒரு முனை கூர்மையானது, மறு முனையில் நூல் கோக்கும் துளை உண்டு, உள்ளே ஓரிரு மில்லிகிராம் ரேடிய உப்பு அடைக்கப்பட்டிருக்கும். நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்த பின், நாக்கின் நுனியில் தையலிட்டு உதவியாளர் அதை முன்னிழுத்துப் பிடிப்பார். மருத்துவர் ஒரு கை விரலால் கட்டியின் ஓரத்தைத் தொட்டுணர்ந்தபடி, மறு கையில் நீண்ட இடுக்கியால் ஊசிகளை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் செருகுவார். துளையுள்ள முனை நாக்கின் மேற்பரப்போடு சமமாக நிற்கும்படி அழுத்தி, நூலைத் தசையோடு தைத்துவிடுவார். எல்லா நூல்களும் வாயின் ஓரமாக வெளியே கொண்டுவரப்பட்டு, எண்ணப்பட்டு, கன்னத்தில் ஒட்டப்படும். பிறகு ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, ஊசிகள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்று அளந்து, அவற்றை எடுக்க வேண்டிய நாளும் மணியும் கணக்கிடப்படும்.

அடுத்து வந்த ஏறத்தாழ ஒரு வாரம் நோயாளிக்குக் கடினமானது. பேச முடியாது, வேண்டியதை எழுதிக் காட்ட வேண்டும். மூக்கு வழியாகச் செலுத்திய குழாயில் பாலும் கஞ்சி போன்ற திரவ உணவும் இறங்கும். எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். வாயை அடிக்கடி கழுவ வேண்டும். அருகில் வருவோருக்கும் கதிர் படும் என்பதால் செவிலியர் விரைவாக வேலையை முடித்து விலகுவர்; உறவினர் தொலைவிலிருந்தே பார்ப்பர். ஊசிகளை எடுத்த சில நாள்களில் சளிச்சவ்வு சிவந்து, வெண்படலம் போர்த்திய புண்ணாகும். அது ஆற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அந்தப் படலம் கட்டி இருந்த பரப்பு முழுவதையும் சற்று தாண்டியும் சீராகப் பரவியிருந்தால், ஊசிகள் சரியாக நின்றன என்பதற்கு அதை அடையாளமாக மருத்துவர்கள் கொண்டனர். எடுத்த ஊசிகளின் எண்ணிக்கை வைத்த எண்ணிக்கையோடு ஒத்திராவிட்டால், படுக்கை விரிப்பு, கட்டுத்துணி, கழிவு வாளி அனைத்தும் மின்காட்டிக் கருவியால் சோதிக்கப்படும். 1,600 ஆண்டு அரை ஆயுள் கொண்ட பொருள் குப்பையோடு போய்விட்டால் அதன் தீங்கு பல தலைமுறைகளுக்குத் தொடரும் என்பதால், இந்தத் தேடல் வெறும் கணக்கு வழக்கன்று, கடமையே.

மான்செஸ்டரின் கணக்கு

தொடக்க காலத்தில் கதிரின் அளவு மில்லிகிராம்-மணி என்றே குறிக்கப்பட்டது: எத்தனை மில்லிகிராம் ரேடியம், எத்தனை மணி நேரம் வைக்கப்பட்டது என்பதன் பெருக்குத்தொகை அது. ஊசிகள் நெருங்கி நின்றாலும் விலகி நின்றாலும் இத்தொகை மாறாது; திசு பெறும் அளவோ பெரிதும் மாறும். சுவீடனின் ரோல்ஃப் சீவர்ட் 1921-இல் நீள்வடிவக் கதிரூற்றைச் சுற்றியுள்ள செறிவைக் கணக்கிடும் சூத்திரத்தை அளித்தார். 1928-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டுக் கதிரியல் மாநாடு ரான்ட்ஜென் என்ற அலகை ஏற்றது. மருந்தை மில்லிலிட்டரில் அளப்பதுபோல் கதிரையும் அளந்து கொடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் உருவாயிற்று.

அந்த வாய்ப்பை அன்றாட நடைமுறையாக்கியவர்கள் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனை, ஹோல்ட் ரேடியம் நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்றிய மருத்துவர் ரால்ஸ்டன் பேட்டர்சனும் இயற்பியலாளர் ஹெர்பர்ட் பார்க்கரும் ஆவர். 1934-இல் அவர்கள் வெளியிட்ட விதிகள் எளிய எண்களில் அமைந்தவை. ஊசிகள் நடப்பட்ட தளத்தின் பரப்பு 25 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், ரேடியத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓரத்திலும் எஞ்சியது நடுவிலும் இருக்க வேண்டும். 25 முதல் 100 வரை என்றால் பாதி ஓரத்தில். அதற்கு மேல் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஓரத்தில். நடுப்பகுதிக்கு எல்லாத் திசையிலிருந்தும் கதிர் வந்து சேர்வதால் அங்கே அளவு தானாகவே கூடும். ஓரத்தில் கூடுதல் ரேடியத்தை வைப்பது அந்த ஏற்றத்தாழ்வை ஈடுசெய்கிறது. இவ்விதிகளைப் பின்பற்றினால் ஊசித் தளத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தொலைவில் கதிரின் அளவு பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபடாது. ஏறக்குறைய அதே காலத்தில் நியூயார்க்கில் எடித் குவிம்பி, ஊசிகளைச் சீராகப் பரப்பி நடுவில் அளவு கூடுவதை ஏற்றுக்கொள்ளும் வேறொரு அட்டவணையைத் தொகுத்தார்.

மான்செஸ்டர் விதிகளின் பெருமை அவற்றின் நுட்பத்தைவிட அவற்றின் கற்பிக்கத்தக்க தன்மையில் இருக்கிறது. அதற்கு முன் ரேடியச் சிகிச்சையின் பலன் அந்தந்த மருத்துவரின் கைராசியாகக் கருதப்பட்டது. விதிகள் அச்சான பிறகு, தொலைதூர நாட்டில் கணிப்பொறி இல்லாத மருத்துவமனையிலும் ஓர் அட்டவணையையும் அளவுகோலையும் கொண்டு ஒருவர் அதே அளவைத் தர முடிந்தது; ஒரு மையத்தின் முடிவுகளை இன்னொரு மையத்தின் முடிவுகளோடு ஒப்பிடவும் முடிந்தது. திறமை தனிமனிதரின் உடைமையாக இருந்த நிலை மாறி, அது பொது அறிவாயிற்று.

தென்னிந்தியாவில் ரேடியம்

வாய்ப்புற்று ஐரோப்பாவைவிடத் தென்னாசியாவில் பல மடங்கு அதிகம் என்பது மேற்கத்திய மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் நிப்ளாக் 1902-இலேயே இதைப் பற்றி எழுதினார். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனை, இந்நோயின் ஆய்வில் தனியிடம் பெற்றது. அங்குப் பணியாற்றிய பென்டால் 1908-இல் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய அறிக்கையைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஓர் என்ற மருத்துவர் 1933-இல் லான்செட் இதழில், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றுக்கான காரணத்தையும் சிகிச்சையையும் விரிவாக ஆராய்ந்தார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், தம் நாட்டில் கிடைக்கவிருந்த வாழ்வை விட்டு இந்த ஊரில் நெடுங்காலம் பணியாற்றினார். அறுவையோடு ரேடியச் சிகிச்சையும் அங்கு இடம்பெற்றது. சென்னையில் 1934-இல் திறக்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிறுவனமும், மும்பையில் 1941-இல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனையும் கதிர் சிகிச்சையை இந்தியாவில் நிலைபெறச் செய்தன.

ஆயினும் பாரிஸிலும் மான்செஸ்டரிலும் உருவான முறை தென்னிந்திய நோயாளிக்கு அப்படியே பொருந்தவில்லை. ஐரோப்பியரிடம் புற்று பெரும்பாலும் நாக்கின் ஓரத்திலும் வாய்த்தரையிலும் வந்தது. அவை மென்மையான தசைப்பகுதிகள் என்பதால் ஊசி நட ஏற்றவை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மென்று கன்னத்தில் அடக்கிவைக்கும் வழக்கமுடையோருக்கோ, அந்த உருண்டை தங்கும் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலேயே புற்று பிறந்தது. அவ்விடத்தில் கட்டி விரைவில் தாடை எலும்பைப் பற்றிவிடும். எலும்பில் ஊசி நட முடியாது, எலும்பருகே கதிரைக் குவிப்பதும் ஆபத்து. இதோடு, நோயாளிகள் பெரும்பாலோர் கட்டி முற்றி, கழுத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்கிய பிறகே வந்தனர். நட்ட இடத்தைச் சுற்றி மட்டுமே செயல்படும் ஊசியால் கழுத்துக் கணுக்களைத் தீர்க்க இயலாது. நோய் மிகுந்த மண்ணில் இந்தச் சிகிச்சை எட்டியவர் குறைவாக இருந்ததற்கு ரேடியத்தின் விலை மட்டுமன்றி, நோயின் இடமும் காலமும் காரணங்களாயின.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறில் திறக்கப்பட்ட புற்றுநோய் நிறுவனம் இந்த உண்மையை நேருக்கு நேர் சந்தித்தது. அங்கு எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் முற்றிய வாய்ப்புற்றுக்குக் கோபால்ட் கருவியின் வெளிக்கதிரோடு மருந்துகளையும் சேர்த்து அளிக்கும் முறைகளை ஆராய்ந்தனர். சிறிய கட்டிக்கு ஊசி, பெரிய கட்டிக்கு வெளிக்கதிரும் மருந்தும் அறுவையும் என்ற பகுப்பு இந்தியச் சூழலில் இவ்வாறு தெளிவாயிற்று.

கைகளைக் காத்த கண்டுபிடிப்பு

ரேடியம் நோயாளிக்குத் தந்த நன்மைக்கு விலை கொடுத்தவர்களுள் அதைக் கையாண்டவர்களும் உண்டு. மருத்துவரும் செவிலியரும் ஊசிகளைத் தொட்டு, நூல் கோத்து, கழுவி, அடுக்கினர். விரல் தோல் வெடித்தது, சிலருக்கு அங்கேயே புற்றும் வந்தது. மேரி கியூரி 1934-இல் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இறந்தார். எக்ஸ் கதிராலும் ரேடியத்தாலும் உயிரிழந்த பல நாட்டு மருத்துவர், செவிலியர், அறிவியலாளர் பெயர்களைப் பொறித்த நினைவுச்சின்னம் 1936-இல் ஹாம்பர்க்கில் எழுப்பப்பட்டது. ஈய மேசை, நீண்ட இடுக்கி, விரைந்த கை ஆகியவை ஆபத்தைக் குறைத்தனவேயன்றி நீக்கவில்லை; விரைந்து செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஊசி நடும் துல்லியத்தையும் கெடுத்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது, நடுவதையும் கதிரூட்டுவதையும் இரண்டாகப் பிரித்த பின்னூட்டு முறையாகும். வெறும் குழல்களை முதலில் அவசரமின்றித் திசுவில் பொருத்தி, படமெடுத்துச் சரிபார்த்து, நோயாளி தம் அறைக்குத் திரும்பிய பிறகே கதிரூற்றை அக்குழல்களுக்குள் செலுத்துவது இதன் சாரம். நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் உல்ரிக் ஹென்ஷ்கி 1950-களிலும் 1960-களிலும் இதை முறைப்படுத்தினார். 1934-இல் ஐரீன், ஃபிரெடரிக் ஜோலியோ-கியூரி இணையர் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்ததும், போருக்குப் பின் அணு உலைகள் பெருகியதும் இதற்கு ஏற்ற பொருளைத் தந்தன. இரிடியம்-192 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுள் 74 நாள். அதன் காமாக் கதிரின் ஆற்றல் ரேடியத்தினதைவிடக் குறைவு என்பதால் காப்பும் எளிது. அதை வளையும் மெல்லிய கம்பியாக இழுத்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

பிரான்சில் பெர்னார் பியர்கன், டேனியல் ஷசாஞ், இயற்பியலாளர் ஆந்த்ரே டியூத்ரே ஆகியோர் 1960-களில் இரிடியக் கம்பிகளுக்கென வகுத்த நெறிகள் பாரிஸ் முறை எனப்படுகின்றன. கம்பிகள் இணையாகவும் சம இடைவெளியிலும் ஒரே வீரியத்துடனும் இருக்க வேண்டும். அவற்றின் நடுவே கணக்கிடப்படும் அடிப்படை அளவின் 85 விழுக்காடே சிகிச்சை அளவாகக் கொள்ளப்படும். நாக்குக்கும் வாய்த்தரைக்கும் கொண்டை ஊசி வடிவில் வளைத்த இரிடியக் கம்பியை அவர்கள் பயன்படுத்தினர். முதலில் கதிரியக்கமற்ற உலோக வழிகாட்டியைச் செருகி, நிலையைத் திரையில் பார்த்துத் திருத்திய பின் கம்பியை உள்ளே நழுவவிட்டு வழிகாட்டியை உருவிவிடுவர். 1970-களிலும் 1980-களிலும் ரேடிய ஊசிகளின் இடத்தைச் சீசியமும் இரிடியமும் எடுத்துக்கொண்டன. உறை வெடித்தால் ரேடான் கசியும் பழைய ஊசிகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியைப் பன்னாட்டு அணுசக்தி முகமை பல நாடுகளில் மேற்கொண்டது.

மெதுவான கதிரும் விரைவான கதிரும்

பின்னூட்டு முறையின் அடுத்த படி இயந்திரம். கம்பி முனையில் பொருத்திய ஒரே ஒரு வீரியமிக்க இரிடியத் துணுக்கை, காப்பறைக்கு வெளியிலிருந்து கணிப்பொறி குழல் குழலாகச் செலுத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில நொடிகள் தங்கவைத்து மீட்டெடுக்கும் கருவிகள் 1980-களின் இறுதியிலிருந்து பரவின. நாள்கணக்கில் பரவிய அளவு நிமிடங்களில் கிடைத்தது. நோயாளி தனியறையில் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. பணியாளர்மீது கதிர் படுவது ஏறக்குறைய நின்றது. ஆனால் மெதுவாகப் பரவும் கதிரே நல்ல திசுவைக் காக்கும் என்ற ரெகோவின் பாடத்துக்கு இது எதிராக நின்றதால், வாய்ப்புற்றில் இதை ஏற்பதற்குப் பலர் தயங்கினர்.

அந்தத் தயக்கத்தை ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆய்வால் எதிர்கொண்டனர். தொடக்க நிலை நாக்குப் புற்றுக்கு, வழக்கமான மெதுவான முறையில் சில நாள்களில் 70 கிரே அளவையும், விரைவான முறையில் ஒரு வாரத்துக்குள் பத்துத் தவணைகளாக 60 கிரே அளவையும் கொடுத்து ஒப்பிட்ட அவர்களின் ஆய்வு 2001-இல் வெளியானது. கிரே என்பது திசு உட்கொள்ளும் கதிராற்றலின் அலகு. இரு முறைகளிலும் கட்டி அடங்கியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தவணைகளுக்கு இடையே போதிய மணி நேரம் விடப்பட்டதாலேயே திசு தேறியது என்பதால், இது ரெகோவை மறுத்ததாகாது. காலத்தைப் பகிர்வது என்ற அவருடைய கொள்கை புதிய வடிவம் பெற்றது. நாக்குக்கும் தாடைக்கும் இடையே தடுப்பு வைத்து எலும்பைக் காப்பதையும் ஜப்பானிய மருத்துவர்கள் நெறியாக்கினர்.

இதே காலத்தில் இம்முறையின் பரப்பு சுருங்கியது. முன்கையிலிருந்து தோலையும் இரத்தக்குழாயையும் எடுத்து நாக்கை மீட்டமைக்கும் நுண்ணறுவை 1980-களிலிருந்து வளர்ந்தது. கணிப்பொறி வடிவமைக்கும் வெளிக்கதிரும் துல்லியம் பெற்றது. ஊசி நடும் கையை உருவாக்க ஆண்டுகள் ஆகும். கருவியை வாங்க ஆணை போதும். அதனால் பல மருத்துவமனைகளில் இக்கலை கற்பிப்பாரின்றிப் போனது. ஆயினும் உதட்டிலும் நாக்கின் அசையும் பகுதியிலும் தோன்றும் சிறிய கட்டிகளுக்கு, உறுப்பை முழுமையாக விட்டுவைத்தே உயர்ந்த விழுக்காட்டில் குணம் தரும் சிகிச்சையாக ஐரோப்பியக் கதிரியல் மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல்கள் இதை இன்றும் பரிந்துரைக்கின்றன.

இந்த நூற்றாண்டுக்கால வரலாறு இந்தியச் சமூகத்தின்முன் ஒரு பொறுப்பை வைக்கிறது. இச்சிகிச்சையின் முழுப் பயனும் சிறிய கட்டிக்கே உரியது. கட்டி சிறிதாக இருக்கும்போதே அதைக் கண்டறிவது மருத்துவரின் ஊசிக்கு முன்னதாக நிகழ வேண்டிய செயல். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ தோன்றியவரை உரிய நேரத்தில் பரிசோதனைக்கு அனுப்பும் கிராமச் செவிலியரும், புகையிலையை விலக்கச் சொல்லும் பள்ளி ஆசிரியரும், பாரிஸிலும் மான்செஸ்டரிலும் விதி வகுத்தவர்கள் தொடங்கிய பணியையே தொடர்கின்றனர். அதோடு, ஊசி நடும் பயிற்சியை மருத்துவக் கல்லூரிகள் மறையவிடாமல் காப்பதும் தேவை. முன்னோர் தம் விரல்களை இழந்து கற்றுத்தந்த அறிவு, நோய் மிகுந்த மண்ணிலேயே கற்பிக்கப்படாமல் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.